தடுத்தே ஆடுகிறவர்

காப்பெல், அக்டோபர், வியாழன் இரவு

காரேஜில் இருக்கும் பழைய சண்டை கேம் மெஷினை வாங்க நாளைக்கு ஆள் வருவதாக இருந்தது. "அம்மா, ஜஸ்ட் செல் இட், வித்துடு" என்று மகள் போனிலேயே முடித்துவிட்டாள். அவள் அப்பா இறந்ததிலிருந்து அது தூசி படிந்துதான் கிடக்கிறது.

மெஷினோடு தனியாக ஆடுவது அவருக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. அது அடுத்து என்ன செய்யும் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற ஆளைத் தோற்கடிப்பதில்தான் ருசி. ஆனால் அவர் அடிக்கவே மாட்டார். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்துப் பிடித்து, நான் அடிப்பதையெல்லாம் தடுத்துக்கொண்டே நிற்பார்.

"எவ்வளவு நேரம்தான் தடுப்பீங்க?" என்று கத்துவேன்.

"நீ டயர்ட் ஆகுற வரைக்கும்."

இன்று சாயங்காலம், கடைசியாக ஒருமுறை, இரண்டு பேர் ஆடும் பட்டனை அழுத்தினேன். அவருடைய ஆள் திரையில் சும்மா நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். ஸ்டிக்கை இழுத்துப் பிடிக்க யாரும் இல்லையென்றால் அவனால் தடுக்க முடியாது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஓர் அடி அடித்தேன்.

தடுத்தான்.

மறுபடி அடித்தேன். அதையும் தடுத்தான்.

வாங்க வருகிறவரிடம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் இன்னும் டயர்ட் ஆகவில்லை.