மூன்று பொருத்தம் சொன்ன கம்ப்யூட்டர்

மஸ்கட்

அன்புள்ள கொளஞ்சிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

மூன்று நாளாய்ப் பேசாததற்குக் கோபிக்காதே. நம் பெண் செல்விக்கும் அரியலூர் மாப்பிள்ளைக்கும் பொருத்தம் பார்க்க, இலவச ஜாதக புரோகிராம் ஒன்றைக் கம்பெனி ஸ்டோர் கம்ப்யூட்டரில் இறக்கினேன் அல்லவா? அதற்குள் வைரஸ் ஒளிந்திருந்ததாம். ஆபத்து என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. எச்சரிக்கையை அணைத்தால்தான் ஜாதகம் தெரியும் என்றது புரோகிராம். அணைத்துவிட்டேன். பத்தாவது படித்த மூளை!

கம்ப்யூட்டர் பார்க்கும் பானுப்ரியா ஜெயங்கொண்டத்துப் பிள்ளை. "கதவ நீங்களே தொறந்துவுட்டுட்டீங்களேண்ணே" என்று தலையில் அடித்துக்கொண்டது. முதலில் நெட் வயரைப் பிடுங்கியது. பிறகு பென்டிரைவில் கொண்டுவந்த ஆன்டிவைரஸை ஓட்டி வைரஸை அழித்து, பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றியது. அந்தக் கம்ப்யூட்டரில் சார்ஜ் போட்டிருந்த என் போனும் சோதனையில் இருக்கிறது. உன் நம்பர் மனப்பாடமாய்த் தெரியாத புருஷன் நான். கம்பெனி விசாரணை முடியும்வரை கேம்ப் கேட்டைத் தாண்டக் கூடாது; லீவும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வருகிறது, கவலைப்படாதே.

"யாரு ஜாதகத்தப் போட்டாலும் அது பத்துக்கு மூணு பொருத்தம்னுதாண்ணே சொல்லும்" என்கிறது பானுப்ரியா. நம் இருவருக்கும் மூன்றுதான் வந்தது. அதைப் பார்த்துத்தான் முழுசாய் நம்பினேன்.

ஆகவே மூன்றுதான் என்று அந்த மாப்பிள்ளையை நான் வேண்டாம் என்றதை விட்டுவிடு. அரியலூருக்குச் சொல்லி அனுப்பியிருந்தால், நீயே நேரில் போய் தப்பு என்னுடையது என்று சொல். செல்வி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்றாயே, அவளிடம் முதலில் சொல்.

ஊருக்கு வரும் வேல்முருகனிடம் இதைக் கொடுக்கிறேன். அவர் திரும்பும்போது நல்லெண்ணெயும், செல்வி கைப்பட இரண்டு வரியும் கொடுத்தனுப்பு. திட்டி எழுதினாலும் சரி.

அவரை ஏற்றிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது.

அய்யம்பெருமாள்