கறுப்புத் துளையில் சிவப்பு பிளக்

என்னங்க,

இந்த வருஷம் நமக்குப் பொங்கல் இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றதால் இன்று காலை வீட்டை ஒழித்துத் தூசி தட்டினேன். ஆம்ப்ளிஃபயரை நகர்த்திப் பின்பக்கம் துடைக்கும்போதுதான் பார்த்தேன். இடது ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரில் சிவப்பு பிளக் கறுப்புத் துளையிலும், கறுப்பு பிளக் சிவப்புத் துளையிலும் செருகியிருந்தன. துணியைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த பிளக்குகள் வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். துபாயிலிருந்து லீவில் வந்த உங்கள் லப்பைக்குடிக்காட்டு நண்பர் சின்ன டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். தங்க முலாம் பூசியவை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"என் மூக்குத்தி திருகாணி போயி எத்தன நாளாச்சு? ஸ்பீக்கருக்கு நகை போடுறீங்களா?"

"நகை இல்ல புள்ள. வெறும் செம்புக் கம்பிய முறுக்கி மாட்டுனா நாளாவ நாளாவ கறுத்துப்போவும், லூசாவும். அதான் பாட்டு கரகரங்குது. இது கறுக்காது, நல்லாக் கவ்விக்கும். அவ்ளோதான்."

மாட்டி முடித்து, ஒரு பாட்டைப் போட்டு, என்னை சோபாவின் நடுவில் உட்காரவைத்தீர்கள். "கண்ண மூடு. பாடுறவங்க எங்க நிக்கிறாங்க, காட்டு." இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்ட நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் அந்தக் குரல் நின்றது. விரலை நீட்டினேன். நீங்கள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கரகரப்பு போனது உண்மைதான். தங்கத்தால் குரல் இனித்தது என்று மட்டும் நான் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. நீங்களும் அப்படிச் சொன்னதில்லை. அதன்பிறகு, அரியலூர் சிமெண்டுத் தூசியோடு நீங்கள் பஸ்ஸில் வந்து இறங்கி, குளித்து, காபி குடித்ததும் ஒரு பாட்டு கேட்காமல் நமக்குப் பொழுது போனதே இல்லை.

அதே அரியலூரிலிருந்து உங்களை வேனில் கொண்டுவந்தார்கள். உங்களைக் கிடத்த ஹாலில் இடம் வேண்டும் என்று சாமான்களை வெளியேற்றினார்கள். உங்கள் தம்பி அழுதுகொண்டே ஸ்பீக்கர் ஒயர்களைப் பிடுங்கினார். "ஒயர இழுக்காதீங்க தம்பி, அவரு வந்து திட்டுவாரு!" என்று கத்தினேன். எல்லாரும் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

காரியம் முடிந்ததும் உங்கள் தம்பியே திரும்ப மாட்டினார். "இருந்த மாதிரியே வச்சிட்டேன் அண்ணி," என்றார். பல நாள் கழித்துத் துணிந்து பாட்டுப் போட்டேன். குரல் நடுவில் இல்லை. இரண்டு பக்கமும் சிதறி, எங்கோ தகரக் கொட்டகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. மிருதங்கத்தின் அடி மெலிந்துபோயிருந்தது. நம் இருவருக்கும் சொந்தமாக இருந்தது அந்தப் பாட்டு நேரம் ஒன்றுதான். உங்களோடு அதுவும் போய்விட்டதே என்று பாட்டை நிறுத்திவிட்டேன். டவுனில் காது டாக்டரிடம்கூடப் போனேன். "காது நல்லாருக்கும்மா. மனசுதான் சரியில்ல," என்றார். நானும் நம்பினேன்.

மனசு இல்லை, பிளக். சிவப்பும் கறுப்பும் தனித்தனியாக இருப்பதால் எந்த பிளக்கும் எந்தத் துளையிலும் போய்விடும். இப்படி ஒரு பக்கம் மட்டும் மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும் என்று நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. உங்கள் தம்பியிடம் இதைச் சொல்ல மாட்டேன். அன்று அவர் கண்ணுக்கு சிவப்பும் கறுப்பும் தெரிந்திருக்காது.

பிடுங்கி மாற்றிச் செருகினேன். பாட்டைப் போட்டேன். குரல் நடுவில் வந்து நின்றது, கொஞ்சமும் மாறாமல். அப்போதுதான் எனக்கு அழுகை பொங்கிவந்தது. இத்தனை மாதமும் பாட்டில்தான் ஏதோ கோளாறு, அது சரியானால் கொஞ்சம் தேறிவிடுவேன் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. இப்போது பாட்டு சரியாகிவிட்டது. இந்த வீட்டில் நான் திருத்துவதற்கு இனி ஒன்றும் இல்லை.

என் காதுக்கு ஒரு குறையும் இல்லைங்க. உங்களோடு உட்கார்ந்து கேட்டே பழகிய காது. அதை வைத்துக்கொண்டு நான் எப்படித் தனியாகக் கேட்பேன்?