பாதிக் கோப்பை

அன்புள்ள அப்பாவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம்தானே? உங்கள் கால் இப்போது எப்படி இருக்கிறது? எனக்கு இங்கே சாப்பாட்டுக்கும் வேலைக்கும் குறையில்லை.

உங்களுக்கு இருக்கிற அதே நரம்பு நோய் உள்ள குடும்பத்தினர் இங்கே மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை போனேன். "எங்கப்பாவுக்கு இருக்கு, அதான் விசாரிக்க வந்தேன்" என்றேன். எனக்கும் வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதை மென்று விழுங்கிவிட்டேன். வெட்கம்தான், வேறென்ன.

டீ எல்லாருக்கும் பாதிக் கோப்பைதான். கஞ்சத்தனம் என்று நினைத்து, "எனக்கு நிறைய ஊத்துங்க" என்று கேட்டு வாங்கினேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் விரல் பிடி நழுவி, அத்தனையும் தரையில். சுடவில்லை, கவலைப்படாதீர்கள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தையல்காரம்மா துடைத்துவிட்டு, "முதல் நாள் எல்லாருமே நிறையத்தான் கேப்போம். உக்காருங்க தம்பி" என்று பாதிக் கோப்பையை நீட்டினார். என்னால் தலை நிமிர முடியவில்லை. நடக்கும்போது பாதம் இழுபடாமல் கணுக்காலைத் தாங்கும் பட்டை எங்கே கிடைக்கும் என்றும் அவரே சொன்னார்.

உங்களுக்கும் வாங்கி அனுப்புகிறேன். பாதத்தைக் காகிதத்தில் வைத்து, சுற்றி வரைந்து அனுப்புங்கள்.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. தங்கச்சியின் பாதத்தையும் வரைந்துவிடுங்கள். செருப்பு முன்பக்கமே தேய்கிறது, காலை இழுத்து நடக்கிறாள் என்று அம்மா போனில் திட்டினார்களே, இனி திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன்