நீ போட்ட பிரேக்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். உன் அண்ணன் வீட்டில் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இரு.

இன்று என் சிறப்பு வகுப்பில் விசைப் பாடம். தள்ளிக் காட்டுவதற்குப் பாப்பாவின் சக்கர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனேன். "காலியா இருந்தா லேசா நகரும்" என்று தள்ளினேன், அசையவே இல்லை. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். தள்ளச் சொன்னால் இழுப்பாளே அந்த முந்திரிக்கொட்டை, அவள்தான் குனிந்து பார்த்து, "பிரேக் போட்டிருக்கு சார்" என்று எடுத்துவிட்டாள். நான் தடுப்பதற்குள் நாற்காலி சுவர்வரை ஓடிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து அதை வெறும் நாற்காலியாக உருட்டிக்கொண்டு வந்து, மூலையில் நிறுத்தி, அன்று நீ போட்ட பிரேக். நான் தொட்டதே இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து, அதே மூலையில் வைத்து, மறுபடி போட்டுவிட்டேன். ஆனால் இது நான் போட்டது.

பாப்பாவின் அப்பா