சுத்தமாக வந்த தட்டுகள்

பஸ் கார்வேட்டிநகரம் தாண்டியதும் மாந்தோப்பிலிருந்து பூச்சிமருந்து வாடை குப்பென்று ஜன்னல் வழியே வந்தது. சித்தூரில் உனக்கான நினைவு ஆராதனை முடிந்து புத்தூர் திரும்பிக்கொண்டிருந்தேன். அதுவரை வராத அழுகை அந்த வாடையில்தான் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருப்பதியில் நாம் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவிகள். பூச்சிமருந்து உடம்புக்குள் போனால் அப்படியே இருக்காது. உடைந்து வேறு பொருளாகிச் சிறுநீரில் வெளியேறும். அந்தப் பொருள் மரபணுவைக் கெடுக்கிறதா என்பதுதான் உன் கேள்வி. மருந்தடிப்பவர்களின் சிறுநீரைப் பக்குவப்படுத்தி, பாக்டீரியாவோடு கலந்து ஆய்வகத்தின் சின்ன வட்டத் தட்டில் ஊற்றுவாய். மரபணு மாறிய பாக்டீரியா மட்டுமே புள்ளியாக முளைக்கும். புள்ளிகள் கூடினால் ஆபத்து என்று அர்த்தம். தோப்பில் மருந்தடித்தவர்களில், நீ நைனா என்று கூப்பிடும் உன் அப்பாவும் ஒருவர். அதனால் உனக்கு அது வெறும் படிப்பாக இருக்கவில்லை.

முதல் தடவை புள்ளிகள் கூடவே இல்லை. பேராசிரியருக்கு மகிழ்ச்சி. கெடுதல் ஒன்றுமில்லையென்று எழுதி முடிக்கச் சொன்னார். நீ நம்பவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு உன் ஊருக்குப் போனாய். நைனா பெருமையாகச் சொன்னார்:

"பெரிய படிப்புக்காரங்க கேக்கறாங்கன்னு ரெண்டு நாளா யாருமே மருந்து தொடலம்மா. தலைக்கு ஊத்திக்கினு, எளநி குடிச்சிட்டுதான் குடுத்தோம். அழுக்கா குடுத்தா மரியாதையா இருக்குமா?"

வயிறு வலிக்கச் சிரித்தாய். பிறகு, மருந்தடித்த கையோடு கொடுக்க வேண்டும் என்று அவர்களோடு மல்லுக்கு நின்றாய். கூச்சப்பட்டுக்கொண்டே கொடுத்தார்கள். இந்தத் தடவை தட்டு முழுக்கப் புள்ளிகள். நைனாவின் தட்டிலிருந்த புள்ளிகளை நீ இரண்டு முறை எண்ணினாய்.

ஓர் ஆய்வில் இரண்டு பதில் இருக்கக் கூடாது, இரண்டாவதை விட்டுவிடு, இல்லாவிட்டால் கையெழுத்து கிடையாது என்றார் பேராசிரியர். நீ அசையவில்லை.

"மொத தட்டுல இருக்கறது எங்க ஜனங்களோட மரியாதை சார். மருந்து ரெண்டாவதுலதான் இருக்குது."

கையெழுத்து வரவில்லை. பட்டமும் வரவில்லை. பள்ளிக்கூட வேலைக்குப் போனாய். விடுமுறையில் தோப்புத் தோப்பாக ஏறி இறங்கி, மூக்கைக் கட்டுங்கள், கை கழுவாமல் சோற்றைத் தொடாதீர்கள் என்று சண்டை போட்டாய். நைனா மருந்தடிப்பதை நிறுத்தும்வரை அவரோடு பேசக்கூட இல்லை. எவ்வளவு பிடிவாதக்காரி நீ!

இன்று ஆராதனையில் போதகர், உன் ஆராய்ச்சி பாதியில் நின்றதும் கர்த்தருடைய சித்தம் என்று பரிதாபப்பட்டார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"பாதியில நிக்கல ஐயா. அவ முடிச்சிட்டா. கையெழுத்துதான் வரல."

சபையே திரும்பிப் பார்த்தது. உன் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்போதும் யாராவது, சோதித்துவிட்டோம், ஒன்றுமில்லை என்று சொன்னால் விடமாட்டேன். மருந்தடித்த அன்று எடுத்தீர்களா, குளித்துவிட்டு வந்த அன்று எடுத்தீர்களா என்று கேட்டுவிடுகிறேன். பலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.