வெள்ளிக்கிழமை இரண்டு முட்டை

வெள்ளிக்கிழமை, இரவு. வெள்ளவத்தை.

உடற்பயிற்சி முடிந்ததும் இரண்டு அவித்த முட்டை சாப்பிடுவது என்ற தீர்மானம், நீண்ட ஆலோசனைக்குப் பின், இன்று காலை ஏழு மணிக்கு என் அறையில் ஒருமனதாக நிறைவேறியது. இரத்மலானைத் தொழிற்சாலையில் இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வந்து ஐம்பது தண்டால் எடுக்கிறேன். வெறும் தேநீரோடு படுத்தால் பத்து மணிக்கே பசி எழுப்பிவிடுகிறது.

முட்டையை வீட்டுக்கார மாமியின் தேநீர்க் கேத்தலில் அவித்தது என் பிழைதான். மூடியைத் திறந்து பார்த்துவிட்டார்.

“தம்பி, இது சைவ வீடு எண்டு வந்த அண்டைக்கே சொன்னனான்.”

“ஓம் மாமி, சொன்னனீங்கள்.”

“கடலை அவிச்சுச் சாப்பிடலாம்தானே?”

“சாப்பிட்டுப் பாத்தனான். பகல் முழுக்க வயிறு கதைக்குது, நித்திரை இல்லை.”

“அதுக்கு வெள்ளிக்கிழமையிலயோ?”

“உடம்புக்குக் கிழமை தெரியாது, மாமி.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “கொண்டுபோய் எறியும். இல்லாட்டி பொலிஸ் பதிவில உம்மட பேரை வெட்டிப்போடுவன்.”

இந்தப் போர்க்காலத்தில், வீட்டில் தங்குபவர்களின் பதிவில் பெயரில்லாத தமிழனை இரவுச் சோதனைக்கு வரும் பொலிசார் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். இந்த நகரத்தில் நடக்கவும் படுக்கவும் அனுமதி கேட்கிறேன். தின்பதற்கும் கேட்பதாக இல்லை. முதல் முட்டையை உப்புத் தொட்டு அவர் முன்னாலேயே தின்றேன். இரண்டாவதற்கு மிளகும் போட்டேன். இரண்டு மணிவரை நன்றாகத் தூங்கினேன்.

பின்னேரம் மாமி பொலிசுக்குப் போய் என் பெயரை வெட்டிவிட்டு வந்தார். இன்றிரவு எனக்கு வேலை இல்லை; சோதனைக்கு வந்தால் அறையில்தான் இருப்பேன்.