கணக்கில் வராத திராட்சை

12 மார்ச் 84, திங்கள்
காலையில் மேகமூட்டம். தேனியில் ரத்தப் பரிசோதனை. வெறும் வயிறு, மனைவி தங்கம் காபிகூடத் தரவில்லை. என் தம்பி பாண்டி போனதிலிருந்து இந்த நச்சரிப்புதான். "நெஞ்சு கரிக்குது, வாயு" என்று சோடா குடித்துவிட்டுப் படுத்தவன், எழுந்திருக்கவில்லை.
எனக்கும் மாடிப்படி ஏறினால் அதே கரிப்பு. வீட்டில் சொல்லவில்லை.
வாங்க: சணல், ஆணி, மகள் மல்லிகாவுக்கு ரிப்பன்.

14, புதன்
ரிசல்ட். சர்க்கரை ஏகத்துக்கு. கொழுப்பும். டாக்டர் பாண்டியைப் பற்றி ரெண்டு தடவை கேட்டார். "சர்க்கரை, கொழுப்பு, தொந்தி, கூடப் பிறந்தவர் சின்ன வயசுல போனது. எல்லாம் சேர்ந்தா இருதயத்தைத்தான் பிடிக்கும். உயிருக்கே ஆபத்து."
தொந்தியையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன். விட்டுவிட்டு வர முடியாதே.
பஸ்ஸில் திடீர் ஞாபகம். திங்கள் விடிந்ததும் ஓடைப்பட்டியில் தோட்டம் பார்த்துவிட்டுத்தான் தேனி போனேன். கொடிக்குக் கொடி ஒரு பழம். ருசி பார்க்காமல் திராட்சைத் தரகன் எப்படி விலை பேசுவான்? இத்தனை வருஷத்தில் அதைச் சாப்பாடு என்று நினைத்ததே இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன்.
"வெறும் வயித்தோட போனேன்னு சொன்னீக?"
"அது தொழில் தங்கம், சாப்பாடு இல்ல."
"தொழிலு வயித்துக்குள்ள போகாம எங்கன போச்சாம்?"
மல்லிகா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். மறு பரிசோதனை நல்லபடியா வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் என்று தங்கம் நேர்ந்துகொண்டாள். பழத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நல்ல தூக்கம்.

16, வெள்ளி
நேராகத் தேனி. மறுபடி ரத்தம்.
"திராட்சை?" என்றார் கம்பவுண்டர். ஊருக்கே தெரிந்துவிட்டது போல.
"கண்ணால கூடப் பாக்கலைங்க."

17, சனி
வெயில் கொளுத்துது. சர்க்கரை கொஞ்சம்தான் குறைவு. பழத்தின் பங்கு அவ்வளவுதான். மீதி முழுக்க நான்.
ஈசிஜி எடுத்தாக. ஏதோ மாற்றமாம். வியாழக்கிழமை மதுரை பெரியாஸ்பத்திரி, தங்கணுமாம், படுக்கையோடு வரச் சொன்னாக. மாடிப்படிக் கரிப்பை அப்போதுதான் சொன்னேன். "இத்தனை நாளா ஏன் சொல்லல?" என்றார் டாக்டர். இனிப் பழம் வாயில் படக்கூடாதாம்.
"தேங்காய எப்ப உடைக்க?" என்றாள் தங்கம். பார்க்கலாம் என்றேன். ராத்திரி என் தட்டில் சோறு பாதிதான் விழுந்தது.

19, திங்கள்
ஓடைப்பட்டி. ருசி பார்க்க மல்லிகாவைக் கூட்டிப் போனேன்.
"என்னண்ணே, வாயை வீட்டுலயே வச்சுட்டு வந்தீகளா?" என்றார் தோட்டக்காரர்.
"இந்தா, மகளைக் கொண்டாந்திருக்கேன்ல."
ஒரு பழம் போட்டாள். கண்ணை மூடினாள். என்னைப் போலவே கொட்டையை நாக்கால் ஒதுக்கினாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
"இன்னும் புளிப்பு இருக்குப்பா. வெள்ளிக்கிழமை வாக்குல வெட்டலாம்."
"அப்ப வெள்ளிக்கிழமை வந்துருங்கண்ணே."
வியாழக்கிழமை மதுரை என்பது அவருக்குத் தெரியாது. மல்லிகாதான் சொன்னாள். "வாரோம்."